புத்தகக் கை

முடிச்சைப் பின்பக்கம் போட்டிருந்தார்கள். கட்டில் கம்பிக்கு அடியில் கையை விட்டுத் தடவித்தான் அவளால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. கட்டுத்துணியை நாலாய் மடித்து, அண்ணனின் மணிக்கட்டைச் சுற்றி, கம்பியோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

“அதை அவுக்காதீங்க.”

நர்ஸ் மருந்துத் தட்டோடு நின்றிருந்தாள். வயது அதிகமில்லை. இரவு முழுக்க விழித்த கண்கள்.

“சிஸ்டர், இவருக்குக் காது கேக்காது.”

“தெரியும். ஷீட்ல போட்டிருக்கு.”

“கையாலதான் பேசுவாரு. கையைக் கட்டிட்டா எப்படிப் பேசுவாரு?”

“ராத்திரி மூக்குக் குழாயைப் பிடுங்கிட்டாரு. திருப்பிப் போட்டா திருப்பிப் பிடுங்குறாரு. கழுத்துல மருந்து ஏத்தப் போட்டிருக்கிற லைனையும் பிடுங்கியிருந்தா, இந்நேரம் நீங்க வந்து என்கிட்ட வேற மாதிரி கேட்டிருப்பீங்க.”

அதில் தப்பு எதுவும் இல்லை. அவள் முடிச்சிலிருந்து நகத்தை எடுத்தாள்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சியில் அவளுக்கு இது இரண்டாம் வருஷம். சேர்ந்த புதிதில் விரிவுரையாளர் எல்லோரையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். வாயைத் திறக்காமல், ‘என் குடையை எங்கே வச்சே?’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். புருவத்தைத் தூக்கினார்கள், தோளைக் குலுக்கினார்கள், ஒருத்தி குடையாகவே மாற முயன்று பெஞ்சிலிருந்து விழப் பார்த்தாள். வகுப்பே கண்ணில் நீர் வரச் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அண்ணனிடம் நடித்துக் காட்டியபோது அவன் மட்டும் சிரிக்கவில்லை.

டாக்டர் வந்தார். கோப்பைப் புரட்டினார். “கொஞ்சம் சத்தமா சொன்னா புரிஞ்சுக்குவாரா?” என்று அவளிடம் கேட்டார்.

“எவ்வளவு சத்தமா சொன்னாலும் கேக்காது சார்.”

அவர் தலையாட்டினார். பிறகு குனிந்து அண்ணனின் காதருகே, “கையை ஆட்டக் கூடாது, என்ன?” என்று கத்தினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் பதறிப்போய்த் தன் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அண்ணன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

டாக்டர் அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய்ப் பேசினார். குடல்வால் வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டது. கழுவித்தான் தைத்திருக்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் கலந்துவிட்டது. சிறுநீர் இறங்கவில்லை. “முதல் வலியிலேயே வந்திருந்தா” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க.”

அவர் போனபின் நர்ஸ் தானாகவே அருகில் வந்தாள். “ஒரு கை மட்டும். வலது கை. நான் மருந்து கொடுத்துட்டு வர்ற வரைக்கும். நீங்க பிடிக்கிற தூரத்துல நிக்கணும்.”

“அம்மாவையும் கூட்டிட்டு வரட்டுமா சிஸ்டர்?”

“ஒருத்தர்தான் உள்ள வரலாம்.” கதவைப் பார்த்தாள். “சரி, சீக்கிரம் கூட்டிட்டு வாங்க.”

அம்மா வராந்தா பெஞ்சில், மடியில் துணிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் அண்ணனின் துவைத்த சட்டை. டிஸ்சார்ஜ் ஆகும்போது போட்டுக்கொள்ள. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம், வந்ததிலிருந்து எல்லோரிடமும் சொன்னதையே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நான்தாங்க கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். பொண்ணு பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தா. எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேட்டாரு. வயித்து வலி டாக்டர், பட்டறைப் பசங்களோட சேந்து கடையில கண்டதைத் தின்னுட்டான்னு நான்தான் சொன்னேன். இவன் என் தோளைத் தட்டித் தட்டி என்னவோ காட்டுறான். இருடா, அதான் சொல்லிக்கிட்டிருக்கேன்ல, அப்படின்னேன். டாக்டரும் என் வாயைத்தான் பாத்தாரு. அவன் கையைப் பாக்கல. வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு.”

“நீங்க என்னங்க பண்ணுவீங்க” என்றாள் அந்தப் பெண்.

“அம்மா, வா. உள்ள விடுறாங்க.”

அம்மா எழுந்தாள். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காக வைத்தாள்.

கட்டிலருகே போனதும் அம்மா, அவனிடம் எப்போதும் பேசுவது போலத்தான் பேசினாள். வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமில்லாமல். “அம்-மா. வந்-திருக்-கேன்.” பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லிக் கொடுத்தது அது. அண்ணனுக்கு நாலு வயது இருக்கும்போது அந்த டீச்சர் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: கையைக் காட்டிப் பேசாதீங்க, அவனையும் காட்ட விடாதீங்க, பழகிட்டா அப்புறம் பேச்சே வராது. அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தாள். அவன் தண்ணீர்ச் சொம்பைக் கை காட்டினால் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். வாயால் கேட்க வேண்டும். அவன் அழுவான், காலை உதைப்பான், கடைசியில் தொண்டையிலிருந்து ‘அம்ணி’ என்று ஒரு சத்தம் வரும். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுவாள். பிறகுதான் தண்ணீர்.

அந்த ‘அம்ணி’க்கு மேல் பேச்சு வரவே இல்லை. பள்ளிக்கூட விடுதியில் மற்ற பிள்ளைகளிடமிருந்து கைப்பேச்சைக் கற்றுக்கொண்டு, அதிலேயே சிரிக்கவும் சண்டைபோடவும் கேலி பண்ணவும் தெரிந்தவனாகத்தான் அவன் வீடு திரும்பினான். அம்மாவுக்கு அதில் நாலைந்து சைகைதான் தெரியும். சாப்பிடு, வா, மழை, மாமா வந்திருக்கார். அதற்குப் பின் இத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இருவரும் அதை வைத்தே ஓட்டினார்கள்.

பயிற்சியில் அந்தச் சொம்பு விஷயத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. ‘பழைய முறை’ என்று தலைப்பு. இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை என்று முடித்திருந்தார்கள். அவள் அதை அம்மாவிடம் சொன்னதில்லை.

வலது கை முடிச்சை நர்ஸே அவிழ்த்துவிட்டுப் போனாள். கை கட்டிலின் மேல் விழுந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள். விரல்கள் ஊதி, கணுக்களே தெரியாமல் வழவழவென்று இருந்தன. பட்டறையில் நசுங்கிய வண்டிக் கதவுகளைத் தட்டித் தட்டி நேராக்கும் கை. தங்களுக்குள்ளேயே தெளிவாகப் பேசும் கை அதுதான் என்று அவனைப் போலவே காது கேளாத நண்பர்கள் சொல்வார்கள். அவள் பயிற்சியில் கற்றுவந்த சைகைகளைச் செய்து காட்டும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக் குறட்டை விடுவது போல் நடிப்பான். ‘செய்தி வாசிக்கிறியா?’ என்பான். நண்பர்களிடம் அவளுக்குப் ‘புத்தகக் கை’ என்று பெயர் வைத்திருந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் புத்தகம் மாதிரி திறந்து மூடினால் அது அவள்.

“கண்ணைத் திறக்குறான் பாரு” என்றாள் அம்மா.

அவன் பார்த்தான். மஞ்சள் பாரித்த கண்கள் முதலில் அம்மாவின் வாயில் நின்றன, பிறகு நழுவின.

“நான் ஒண்ணு கேக்கணும். நீ கேட்டுச் சொல்லு.”

“என்னம்மா?”

“என் மேல கோவமான்னு கேளு.”

“அம்மா, இப்ப போயி…”

“கேளுடீ.”

அவள் அவன் பார்வைக்கு நேராக நகர்ந்தாள். விரைவாகச் செய்தால் அவனால் பிடிக்க முடியாது. மெதுவாக, புத்தகத்தில் இருப்பது போலவே, ஒவ்வொன்றாகச் செய்தாள். அம்மா. கேக்குறா. நீ. அவ மேல. கோவம்? கடைசியில் புருவத்தை உயர்த்தினாள். அப்போதுதான் அது கேள்வி.

அவன் கண்கள் அவள் கைகளின் மேல் இருந்தன. சாதாரண நாளாக இருந்தால் பாதியிலேயே, ‘போதும் டீச்சர், புரிஞ்சுது’ என்றிருப்பான்.

கை எழுந்தது. வயிற்றிலிருந்து நெஞ்சு வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தது. அங்கே பாதி திரும்பியது. வெளிப்பக்கமாக ஒரு தரம் அசைந்தது. விழுந்தது.

அவள் குனிந்தாள். மறுபடி, என்று காட்டினாள். மறுபடி சொல்லு.

இந்தத் தடவை மணிக்கட்டு மட்டும்தான் போர்வையிலிருந்து உயர்ந்தது.

விரல்கள் மடங்கியிருந்தால் அது ஒரு வார்த்தை. நீண்டிருந்தால் வேறு வார்த்தை. உள்ளங்கை அவனைப் பார்த்திருந்தால் ஒன்று, அம்மாவைப் பார்த்திருந்தால் இன்னொன்று. ஊதிய விரல்கள் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. உள்ளங்கை யாரையும் பார்க்கவில்லை.

“என்ன சொன்னான்?” என்றாள் அம்மா.

“தெரியலம்மா.”

“தெரியலன்னா?”

“புரியல. விரல் வீங்கியிருக்கு. சைகை சரியா கூடல.”

அம்மா அவளைப் பார்த்தாள்.

“நீ இதுக்குத்தானே படிக்கிற?”

அம்மா கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நர்ஸ் திரும்பி வந்தாள். “கஷ்டமாத்தான் இருக்கு மேடம். என்ன பண்றது” என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துக் கம்பியோடு சேர்த்தாள். துணிக்கு அடியில் பஞ்சு வைத்து, முன்பை விடத் தளர்வாகத்தான் கட்டினாள். அம்மா அந்த முடிச்சு விழும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிற்பகலில் வராந்தாவுக்கு வந்து அண்ணனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அம்மாதான் எழுந்து ஓடினாள்.

அவர்கள் உள்ளே போனபோது இரண்டு கைகளும் கட்டில்லாமல் இருந்தன. துணியை அவிழ்க்கப் பொறுமை இல்லாமல் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். துண்டுகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டில் வரி வரியாகத் தடம். அம்மா அந்தத் தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, பிள்ளைகளின் கையில் ஒட்டிய மையைத் தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “போயிடும் கண்ணு. போயிடும்.”

மறுநாள் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். மாமாதான் எல்லாம் பார்த்துக்கொண்டார். வண்டி சொன்னார், நாற்காலி சொன்னார், வருகிறவர்களுக்கு வழி சொன்னார். நடுவில் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து நாற்காலிகளை எண்ணினார்.

பட்டறைக்காரர் வந்தார். “எங்க பட்டறையில இத்தனை வருஷத்துல தலைவலின்னு சொல்லாத ஒரே ஆளு இவன்தான்” என்று சிரிக்கப் பார்த்துக் குரல் உடைந்தார்.

பிறகு நண்பர்கள் வந்தார்கள். ஒன்றாக, இரு சக்கர வண்டிகளில். தெரு முழுக்க ஒரு வார்த்தை இல்லாமல் நிறைந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு கதறிய நேரம் அது. முன்னால் நின்ற ஒருவன் அம்மாவின் வாயையே பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் அவன் குனிந்ததைப் பார்த்துக் குனிந்தார்கள்.

வாசலில் ஒருவன் அவள் தோளைத் தொட்டான். தடித்த கண்ணாடி போட்டவன். கண்ணாடி என்றே அவனைக் கூப்பிடுவார்கள். விடுதியில் அண்ணனின் பக்கத்துப் படுக்கை.

அவன் சுற்றி வளைக்கவில்லை. அவர்கள் யாருமே சுற்றி வளைப்பதில்லை. ‘கடைசியா என்ன சொன்னான்?’ என்று கை கேட்டது.

‘தெரியல.’

‘செஞ்சு காட்டு.’

அவள் செய்து காட்டினாள். வயிற்றிலிருந்து நெஞ்சு வரை. பாதி திருப்பம். வெளிப்பக்கம் ஒரு அசைவு. விரல்களை எப்படி வைப்பது என்று தெரியாமல், ஊதியிருந்தது போல விறைப்பாக வைத்துக்கொண்டாள். என்ன கேட்டதற்கு அவன் அப்படிச் செய்தான் என்பதையும் சொன்னாள்.

நண்பர்கள் சுற்றிக் கூடினார்கள். ‘போதும்’னு சொல்லியிருக்கான், என்றான் ஒருவன். இல்லை, ‘கட்டை அவுத்துவிடு’, என்றான் இன்னொருவன். தன் மணிக்கட்டை இழுத்துக் காட்டினான். ‘அப்புறம்’, என்றான் மூன்றாமவன், அப்புறம் சொல்றேன்னு. ஒரு பெண், கொஞ்சம் வயதானவள், ‘கோவம் இல்ல’ன்னும் இருக்கலாமே, என்று அந்த அசைவையே மென்மையாகச் செய்து காட்டினாள். அப்படிச் செய்தால் அப்படித்தான் இருந்தது. அவர்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. கைகள் வேகமாயின. ஒருவன் மற்றவனின் தோளைத் தள்ளினான்.

மாமா வேகமாக வந்தார். “என்னம்மா இது, சாவு வீட்டு வாசல்ல சண்டை போடுறாங்க?”

“சண்டை இல்ல மாமா. பேசிக்கிட்டிருக்காங்க.”

கண்ணாடி எல்லோரையும் நிறுத்தினான். வயதான பெண்ணைப் பார்த்து, ‘நீ ஆசைப்படுறதைச் சொல்லாதே’ என்றான். ‘நான் பாக்கல, நீயும் பாக்கல. பாத்தவ இவதான். இவளுக்கே தெரியல.’

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யார் முகத்திலும் குற்றச்சாட்டு இல்லை. அண்ணன் அவளைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருப்பான். மெதுவாகப் பேசுங்கள், புத்தகக் கை, புரிய நேரமாகும், என்று.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபின், மூன்றாம் நாள், மாமா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் நடந்ததைச் சொல்லியிருந்தாள்.

“கோவம் இல்லன்னு சொன்னான்னு சொல்லிடு. யாருக்கு என்ன நஷ்டம்? அக்கா சாப்பிடவே மாட்டேங்குது.”

“பொய் சொல்லவா மாமா?”

“பொய்யின்னு உனக்கு எப்படித் தெரியும்? அப்படியும் இருக்கலாம்னு அவங்கள்ல ஒருத்தியே சொன்னாளாமே.”

அவள் அதையே நினைத்துக்கொண்டு உள்ளே போனாள். சொல்லுக்குச் சொல் மாற்றுவது, எதையும் கூட்டாதே, எதையும் குறைக்காதே என்பதெல்லாம் வகுப்பில் எழுதிப் படித்தது. ஆனால் கூட்டவும் குறைக்கவும் அங்கே முதலில் ஒரு சொல் வேண்டும்.

அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, யாரோ கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா. அன்னைக்கு அண்ணன் சொன்னது…”

“வேணாம்” என்றாள் அம்மா. நிமிரவில்லை.

“இல்லம்மா, அண்ணனோட ஃப்ரெண்ட்ஸ் கிட்ட கேட்டேன். அவங்க…”

“வேணாம்டீ. அன்னைக்கே தெரியலன்னு சொல்லிட்டே. இனிமே நீ எதைச் சொன்னாலும் அது நீ சொல்றதாத்தான் இருக்கும். அவன் சொன்னதா இருக்காது.”

துடைத்த தட்டை அடுக்கில் வைத்தாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

அவள் நிலைப்படியிலேயே நின்றாள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்காரலாம். உட்கார்ந்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும். கொல்லைப்பக்கம் போய்த் துணிகளை ஊற வைத்தாள்.

பயிற்சி நிலையத்திலிருந்து அழைத்திருந்தார்கள். அவளுடைய கற்பித்தல் தேர்வைத் தள்ளி வைத்திருப்பதாகவும், எப்போது வர முடியுமோ வந்து வகுப்பு எடுக்கலாம் என்றும் விரிவுரையாளர் அன்பாகத்தான் சொன்னார். வருகிறேன் என்றாள். வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் அவள் கையையே பார்ப்பார்கள். துணிகளை அலசிக் காயப் போட்டாள். அண்ணனின் பட்டறைச் சட்டையும் அதில் இருந்தது. கிரீஸ் கறை போகவில்லை. போகாது என்று தெரிந்தும் இன்னொரு தரம் தேய்த்திருந்தாள்.

ஈரக் கையோடு உள்ளே வந்தபோது, அண்ணனின் அறையில் ஏதோ அதிரும் சத்தம். மருத்துவமனையில் கொடுத்த பொருள்களிலிருந்து அவனுடைய போனை எடுத்து, யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பார்ப்பதற்காகக் காலையில்தான் சார்ஜில் போட்டிருந்தாள். மேஜையில் அது குடுகுடுவென்று நகர்ந்துகொண்டிருந்தது.

அம்மா அதன் முன்னால் நின்றிருந்தாள். விழுந்துவிடப் போகிறது என்று கையில் எடுத்தாள். எடுத்தபோது விரல் எங்கோ பட்டு அழைப்பு இணைந்துவிட்டது.

திரையில் ஓர் ஆள். அவளுக்குத் தெரியாத முகம். எங்கோ தூரத்து ஊர் போலிருந்தது, பின்னால் உயரமான கட்டடம், தலையில் வேலைத் தொப்பி. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். போனை எதன் மீதோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பேசத் தொடங்கினான். சேதி அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

அம்மா போனைத் தன் முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்தாள். அவன் கொஞ்சம் நிறுத்தி, உற்றுப் பார்த்து, இது நண்பனின் அம்மா என்று புரிந்துகொண்டு மரியாதையாகத் தலை தாழ்த்தினான். பிறகு புருவத்தை உயர்த்தி, மெதுவாக, ஒற்றை அசைவில் கேட்டான்.

எங்கே?

அவள் கதவருகே நின்றிருந்தாள். நாலு எட்டு வைத்தால் போனை வாங்கிவிடலாம். ‘செத்துட்டான்’ என்பதற்கு உள்ளங்கைகளைத் திருப்பினால் போதும், மிகச் சின்னச் சைகை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இல்லப்பா” என்றாள் அம்மா வாயால். “அவன் இல்லப்பா.”

அவன் கண்களைச் சுருக்கி அவள் உதட்டைப் படிக்கப் பார்த்தான். தலையசைத்தான். புரியவில்லை. மறுபடி கேட்டான்.

அம்மா தன் வலது கையைப் பார்த்தாள். ஈரம் துடைப்பது போல அதைப் புடவையில் ஒரு தரம் துடைத்தாள். பிறகு உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்களை மூடினாள்.

தூங்குகிறான்.

திரையில் இருந்தவன் முகம் தெளிந்தது. சரி சரி என்று தலையாட்டினான். எழுப்ப வேண்டாம், அப்புறம் கூப்பிடுகிறேன், என்பது போலக் கையை மென்மையாக அமர்த்திக் காட்டினான். கட்டைவிரலை உயர்த்தினான். சிரித்தான். திரை அணைந்தது.

அம்மா கண்களைத் திறந்தாள். கறுத்துப்போன திரையைப் பார்த்து, தானும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.